வெள்ளி மாலை போய் ஞாயிறு இரவு திரும்ப

வார இறுதிப் பயணம் என்றால் நம் கையில் இருப்பது ஏறத்தாழ 48 மணி நேரம். மிகக் குறைந்த கட்டண விமானங்களில் ஐரோப்பாவைப் பார்க்க நினைப்பவர் முதலில் எண்ண வேண்டியது இந்த மணிகளைத்தான். டிக்கெட் விலை இரண்டாவது. 15 பவுண்டுக்குக் கிடைத்ததே என்று சனிக்கிழமை மதியம் புறப்பட்டு, ஊருக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருந்து, இருட்டிய பிறகு அறைக்குப் போய்ச் சேர்ந்து, மறுநாள் மதியமே திரும்பக் கிளம்பினால் எதைப் பார்த்தோம்? விலையையும் நேரத்தையும் சேர்த்தே பார்க்கப் பழகியவர், மாதச் சம்பளக்காரரானாலும் மாணவரானாலும், ஆண்டுக்கு நாலைந்து ஊர்களை நிதானமாகப் பார்த்துவிடலாம்.

இந்த அத்தியாயம் லண்டனிலும் அதைச் சுற்றியும் வாழ்பவர்களுக்கானது. பெரும்பாலும் ரயன்ஏர், விஸ் ஏர் இரண்டையும் பற்றிப் பேசுகிறது. ஈஸிஜெட் ஒரு படி மேலே நிற்கும் நிறுவனம் என்றாலும், வேண்டிய இடங்களில் அதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

எப்படிக் கட்டுப்படியாகிறது?

ரயன்ஏர் 1985இல் அயர்லாந்தின் வாட்டர்ஃபர்டிலிருந்து லண்டன் கேட்விக்குக்கு 15 இருக்கை விமானம் ஒன்றை ஓட்டித் தொடங்கிய சிறு நிறுவனம். நஷ்டத்தில் தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில் மைக்கேல் ஓ'லியரி அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் நடக்கும் முறையை நேரில் பார்த்துவந்து, அதை இங்கே இன்னும் இறுக்கமாகப் பின்பற்றினார். பெரும்பாலும் ஒரே வகை விமானம். அதனால் விமானி, பழுது பார்ப்பவர், உதிரிப் பாகம் எல்லாவற்றிலும் செலவு குறையும். தரையிறங்கிய விமானம் 25 நிமிடத்தில் மறுபடி புறப்படும். இருக்கை சாயாது, முன்னால் வலைப்பையும் கிடையாது. துப்புரவு சீக்கிரம் முடியும். இரவில் விமானமும் ஊழியர்களும் தங்கள் தளத்துக்கே திரும்பிவிடுவதால் ஹோட்டல் செலவும் மிச்சம்.

2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ரயன்ஏரில் 20 கோடிப் பேர் பறந்தார்கள். சராசரி டிக்கெட் விலை 46 யூரோ. அதற்கு மேல் ஒவ்வொருவரும் சராசரியாக 23 யூரோவுக்குச் சற்று அதிகமாகப் பைக்கும் இருக்கைக்கும் மற்றவற்றுக்கும் கொடுத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்த உபரிகளிலிருந்து வருகிறது. பிரிட்டனிலிருந்து குறுகிய தூரம் பறக்கும் ஒவ்வொரு பெரியவருக்கும் அரசின் பயண வரியே 2026 மார்ச் வரை 13 பவுண்ட்; 2026 ஏப்ரலிலிருந்து அது 15. ஆக, 15 பவுண்டுக்கு இருக்கை விற்கும்போது நிறுவனத்துக்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. உபரிகளை வாங்குபவர்தான் மற்றவரின் டிக்கெட்டைத் தாங்குகிறார். விதிகளை முன்பே படித்து, தேவையில்லாததை வாங்காமல் போகும் பயணிக்கு அந்த மலிவு விலை நிஜமாகவே கிடைக்கிறது. அந்தப் பயணியாக இருக்கக் கற்றுக்கொள்வதுதான் இங்கே வேலை.

எந்த ஊர் என்பதை நேரப் பட்டியல் சொல்லட்டும்

'ரோம் போக வேண்டும்' என்று முடிவெடுத்துவிட்டு மலிவு டிக்கெட் தேடுவது வழக்கமான முறை. வார இறுதிக்கு அது ஒத்துவராது. தேதியையும் புறப்படும் நிலையத்தையும் முதலில் நிறுத்திக்கொண்டு, அந்த நாளில் நல்ல நேரத்துக்குப் போய்த் திரும்பும் விமானம் எந்த ஊர்களுக்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்கைஸ்கேனரில் சேருமிடத்தைக் குறிக்காமல் 'எங்கு வேண்டுமானாலும்' என்று தேடலாம்; கூகுள் ஃபிளைட்ஸின் வரைபடமும் இதையே செய்யும். கிடைக்கும் பட்டியலிலிருந்து ஊரைத் தேர்ந்துகொண்டு, டிக்கெட்டை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். இடைத்தரகர் தளத்தில் வாங்கினால், நேரம் மாறினாலோ ரத்தானாலோ செய்தி உங்களிடம் வந்து சேராமல் போகும் வாய்ப்பு உண்டு. பணம் கட்டும்போது இன்னொன்று: யூரோ விலையை அவர்களே பவுண்டுக்கு மாற்றித் தருவதாகச் சொல்லும் பெட்டியில் குறி போட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு யூரோவிலேயே கட்டுங்கள். வெளிநாட்டுச் செலவுக்குக் கட்டணம் பிடிக்காத வங்கி அட்டை இருந்தால் மாற்று விகிதம் நிச்சயம் மேலாக இருக்கும்.

வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் விலை உச்சத்தில் நிற்கும். சனி விடியலில் போய்த் திங்கள் விடியலில் திரும்புவது பெரும்பாலும் மலிவு. திங்கள் காலை ஒன்பதரைக்குள் அலுவலகத்தில் இருக்க வேண்டியவர் இதில் கவனமாக இருக்கட்டும். நம்மவர்களில் கடையிலும் உணவகத்திலும் மருத்துவமனையிலும் ஷிப்டில் வேலை செய்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஓய்வு செவ்வாய், புதன் என்று வரும். வார இறுதி கிடைப்பதில்லையே என்று அவர்கள் வருந்த வேண்டாம். மற்றவர் கொடுக்கும் விலையில் பாதிக்கும் அந்த நாள்களில் டிக்கெட் கிடைப்பதுண்டு. அருங்காட்சியகங்களிலும் கூட்டம் இருக்காது. அவற்றின் விடுமுறை நாள் மட்டும் ஊருக்கு ஊர் வேறுபடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே விமானம் காலையிலிருந்து இரவு வரை பல ஊர்களுக்குப் போய் வருகிறது. காலையில் பிடித்த அரை மணித் தாமதம் மாலைக்குள் ஒன்றரை மணி ஆகிவிடலாம். ஆகவே நாளின் கடைசி விமானம்தான் அதிகம் தாமதமாகும். தளத்திலிருந்து கிளம்பும் முதல் விமானம்தான் அதிகம் நம்பத் தகுந்தது. பெர்லின் போன்ற சில விமான நிலையங்களில் நள்ளிரவிலிருந்து அதிகாலை வரை பயணிகள் விமானங்களுக்குத் தடை உண்டு. இரவு வெகுநேரம் கழித்து வரும் விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். சும்மா ஊர் பார்க்கப் போகிறவர் இந்த ஆபத்தை ஏற்கலாம். பாரிஸிலோ சூரிச்சிலோ ஒஸ்லோவிலோ சனிக்கிழமை கல்யாணம், சாமத்திய வீடு என்று போகிறவர் ஏற்கவே கூடாது. வெள்ளி காலையே புறப்பட்டுவிடுங்கள்; கூடுதலாகப் போகும் அரை நாள் விடுப்பு வீணல்ல.

பாரிஸ் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். லண்டனிலிருந்து அங்கே விமானத்தில் போகாதீர்கள். செயின்ட் பாங்க்ரஸில் யூரோஸ்டார் ஏறினால் இரண்டே கால் மணி நேரத்தில் கார் து நோர் நிலையம். அங்கிருந்து நம் கடைகள் இருக்கும் லா ஷப்பேலுக்கு நடந்தே போகலாம். முன்கூட்டி வாங்கிய ரயில் டிக்கெட், இரண்டு பக்கமும் விமான நிலையம் போய்வரும் செலவோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் கட்டுப்படியாகும்.

நிலையத்தின் பெயர் ஒன்று, இருக்கும் இடம் ஒன்று

பாரிஸ் போவே நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட் ஹான் நிலையத்திலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துக்கு 120. ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்டாவும் ஒஸ்லோ டோர்ப்பும் நூறையொட்டி. இப்படித் தள்ளியிருக்கும் நிலையங்களில் கட்டணம் குறைவு, நெரிசலும் குறைவு. அந்த 25 நிமிடத் திருப்பம் அங்கே சாத்தியமாகிறது. நமக்கோ போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, பஸ் கட்டணம் தனி. டிக்கெட் வாங்கும் முன் அந்த பஸ்ஸின் நேரப் பட்டியலைத் திறந்து பார்க்காமல் இருக்கவே கூடாது.

ஆனால் இதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. என் அனுபவத்தில் வார இறுதிப் பயணத்தின் பெரிய லாபமே இதில்தான் இருக்கிறது. இந்த நிலையங்கள் பெருநகரத்துக்குத் தூரம். ஏதோ ஒரு சிறு ஊருக்கு மிக அருகில். அந்தச் சிறு ஊரையே பார்க்கப் போங்கள். மிலான் என்று விற்கப்படும் பெர்கமோ நிலையம் மிலானிலிருந்து 50 கிலோமீட்டர். பெர்கமோ நகரத்துக்கோ ஐந்தே கிலோமீட்டர். நகர பஸ்ஸில் ஏறினால் சிறிது நேரத்தில் ஊருக்குள் இருப்பீர்கள். குன்றின் மேலே பழைய ஊர், ஏறிப் போக இழுவை ரயில், சுற்றிலும் வெனிஸ் ஆட்சிக்காலத்து மதில். அந்த மதிலை 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒன்றரை நாளில் அந்த ஊரை அவசரமில்லாமல் நடந்தே முடிக்கலாம். பார்சிலோனாவுக்கென்று விற்கப்படும் ஜிரோனாவும் அப்படித்தான்: ஆற்றங்கரை வீடுகள், பழைய யூதர் குடியிருப்பின் குறுகிய சந்துகள், கோதிக் பாணியில் உலகிலேயே மிக அகன்ற நடுக்கூடம் கொண்ட பேராலயம். வெனிஸுக்கென்று இறங்கும் ட்ரெவீசோவில் கால்வாய்களும் உண்டு, வெனிஸின் கூட்டமும் இல்லை, அறை வாடகையும் குறைவு. பீசா நிலையமோ ஊருக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லலாம். போர்ட்டோவில் விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ, கிராக்கோவில் ரயில். 48 மணி நேரக்காரருக்கு இவை எல்லாம் பொன்னான ஊர்கள்.

புறப்படும் பக்கமும் இதே கணக்குதான். ஈஸ்ட்ஹாம், இல்ஃபர்ட் பக்கம் இருப்பவருக்கு ஸ்டான்ஸ்டெட் தோது; ஹாரோ, வெம்பிளிக்காரருக்கு லூட்டன்; குரோய்டனிலும் டூட்டிங்கிலும் இருப்பவருக்கு கேட்விக். லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ஸ்டான்ஸ்டெட் போகும் எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு அன்றன்று டிக்கெட் எடுத்தால் ஒருவழிக்கே 20 பவுண்டைத் தாண்டும். முன்பே எடுத்தால் நன்றாகக் குறையும். காலை ஆறு மணி விமானத்துக்கு நான்கு மணிக்கே அங்கே இருக்க வேண்டும், அந்த நேரத்துக்கு இரவு முழுவதும் ஓடும் கோச்தான் வழி. விமான டிக்கெட்டுக்கும் இந்தப் பயணத்துக்கும் ஒரே நேரத்தில் பணம் கட்டிவிடுங்கள். இரண்டையும் கூட்டிய பிறகு வரும் தொகைதான் உண்மையான விலை.

24 லிட்டர்

ரயன்ஏரிலும் விஸ் ஏரிலும் இலவசமாகக் கொண்டுபோகலாம் என்பது 40 × 30 × 20 செ.மீ. அளவுள்ள ஒரு பை, அதாவது 24 லிட்டர். ஈஸிஜெட் 45 × 36 × 20 வரை விடுகிறது. அது 32 லிட்டருக்குச் சற்று மேல். இந்த அளவுக்கென்றே செய்த மென்மையான முதுகுப்பை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். விறைப்பான சக்கரப் பெட்டி வேண்டாம். கேட்டில் வைத்திருக்கும் அளவுக் கூண்டுக்குள் பை இறங்காவிட்டால் 75 பவுண்ட் வரை கட்ட நேரும். போகும்போது யாரும் பார்க்கவில்லை என்பதற்காகத் திரும்பும்போதும் விட்டுவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். திரும்பும் பையில்தான் வாங்கிய பொருளெல்லாம் இருக்கும்.

இரண்டு இரவுக்கு 24 லிட்டர் தாராளம். கனமான சப்பாத்தையும் குளிர்ச் சட்டையையும் உடம்பில் போட்டுக்கொண்டு போங்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கும் இதில் இடமுண்டு: பட்டுப் புடவை மடித்தால் அதிக இடம் பிடிக்காது, வேட்டி அதைவிடக் குறைவு. நகையைக் கைப்பையை விட்டுப் பிரிக்கவே கூடாது. கோட்டு சூட்டு, குழந்தைகளின் பாவாடை என்று குடும்பமாகப் போனால், ஆளுக்கொரு பெரிய கைப்பைக்கு உரிமை வாங்குவதைவிட எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெட்டியை ஏற்றிவிடுவது சிக்கனம். அதை டிக்கெட்டோடு சேர்த்தே வாங்குங்கள். பிறகு வாங்கினால் விலை ஏறும்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்ல பழக்கம், விமானத்தில் விற்கும் சாண்ட்விச் பணத்துக்கு ஏற்றதாக இருப்பதில்லை. புளிச்சாதம், இட்லி, முறுக்கு, பொடி எல்லாம் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிவிடும். சட்னி, ஊறுகாய், தயிர் திரவக் கணக்கில் வரும். சில நிலையங்களில் 100 மி.லி. வரம்பைத் தளர்த்தியிருந்தாலும், திரும்பி வரும் நிலையத்தில் அது அப்படியே இருக்கக்கூடும். பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை இருக்கிறது. அங்கிருந்து இங்கே கொண்டுவரவும் 2025 ஏப்ரலிலிருந்து தடை. மாமி வீட்டுக்கென்று சமைத்த ஆட்டிறைச்சிக் கறியை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பாஸ்போர்ட்டும் பெயரும்

பிரிட்டனில் வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருக்கும் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரருக்கு இந்தப் பகுதிதான் மிக முக்கியம். ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவருக்கு 90 யூரோ. பலமுறை நுழையும் விசா கேட்டு விண்ணப்பியுங்கள். ஒரு வார இறுதிக்கு ஒரு விசா என்று எடுத்தால் மலிவு டிக்கெட்டுக்கு அர்த்தமே இல்லாமல் போகும். விசா கிடைக்கும்வரை எடின்பரோ, பெல்ஃபாஸ்ட் போன்ற உள்நாட்டு ஊர்கள் இருக்கின்றன. டப்ளின் உள்நாடு இல்லை, அயர்லாந்து விசா தனி. பெல்ஃபாஸ்டிலிருந்து டப்ளின் போகும் பஸ் எல்லையில் பெரும்பாலும் நிற்பதில்லை என்பதால் விசா வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டப்படி வேண்டும், பிடிபட்டால் உங்கள் பிரிட்டன் விசாவுக்கே சிக்கல் வரும்.

ஐரோப்பியப் பாஸ்போர்ட் இல்லாதவர்களின் ஆவணங்களை நிறுவன ஊழியர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது ரயன்ஏர் விதி. இணையத்தில் செக்-இன் முடித்து, பையும் கையில்தான் இருக்கிறது என்று நேரே பாதுகாப்புச் சோதனைக்குப் போய்விடாதீர்கள். முதலில் விசா சரிபார்க்கும் மேசைக்குப் போங்கள். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். திரும்பும் நிலையத்திலும் இதே வேலை உண்டு. பிரிட்டனில் வசிப்பதற்கான உரிமை இப்போது அட்டையில் இல்லை, இ-விசாவாக இருக்கிறது. புதுப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அதன் எண்ணை உள்துறைக் கணக்கில் இணைத்துவிட்டீர்களா என்று பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே பாருங்கள்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவரும் இனி எல்லையில் விரல் ரேகையும் படமும் கொடுக்க வேண்டும். 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய ஐரோப்பிய நுழைவுப் பதிவு முறை அது. வரிசை நீளும். திரும்பும்போது குடியகல்வுச் சோதனை கடைகளைத் தாண்டி உள்ளே இருக்கும் நிலையங்கள் பல. கடையில் நின்று நேரம் போக்காமல் சோதனையை முதலில் முடித்துவிடுங்கள். ரயன்ஏரில் புறப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள்.

நம் பெயர்களும் இந்தத் தளங்களுக்குள் எளிதில் அடங்குவதில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். அல்லது தகப்பன் பெயர் முன்னும் பின்னுமாக மாறியிருக்கும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்து நிரப்புங்கள். முதலெழுத்தை மட்டும் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். ஒற்றைப் பெயர்க்காரருக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுகிறது, வாங்கும் முன்பே அவர்களின் உதவிப் பக்கத்தில் கேட்டுவிடுங்கள். பதிவு செய்த கையோடு கண்டுபிடித்த சிறு பிழையை இலவசமாகத் திருத்தலாம். காலம் கடந்து பெயரை மாற்ற ரயன்ஏர் வாங்கும் கட்டணம் நூறு பவுண்டுக்கும் மேல்.

இருக்கைக்குப் பணம் கட்டாதவருக்கு செக்-இன் திறப்பது புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு. ரயன்ஏரில் இரண்டு மணி நேரம் முன்பும் விஸ் ஏரில் மூன்று மணி நேரம் முன்பும் அது மூடிவிடும். தவறினால் ரயன்ஏரில் 55 பவுண்ட். 2025 நவம்பர் 12 முதல் ரயன்ஏர் காகிதத்தில் அச்சிட்ட போர்டிங் பாஸை ஏற்பதில்லை, செயலியில்தான். தொலைபேசியின் சார்ஜைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் செக்-இன்னை அந்த ஊரில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டிவரும், அதற்கு ஒரு அலாரம் வையுங்கள். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையோடு போகும் பெற்றோரில் ஒருவர் இருக்கைக்குப் பணம் கட்டுவது ரயன்ஏரில் கட்டாயம். குழந்தைக்குப் பக்கத்து இருக்கை இலவசம். மற்றவர் எங்கே உட்கார்ந்தால் என்ன, இரண்டு மணி நேரப் பயணம்தானே. அந்தப் பணத்தை நல்ல சாப்பாட்டுக்குச் செலவிடுங்கள்.

விஸ் ஏர் விற்கும் ஆண்டுச் சந்தாவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதில் புறப்பாட்டுக்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் இடம் பதிய முடியும். இருக்கை மிஞ்சினால்தான் கிடைக்கும். வேலைக்குப் போகிறவருக்கும் விசா வேண்டியவருக்கும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தாமதமானால், ரத்தானால்

டிக்கெட் மலிவு என்பதால் உரிமையும் மலிவாகிவிடுவதில்லை. பிரிட்டனிலிருந்தோ ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தோ கிளம்பும் எந்த விமானத்துக்கும் ஒரே சட்டப் பாதுகாப்புதான். 1,500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்தில் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்து, காரணம் நிறுவனத்தின் பொறுப்பில் வருவதாக இருந்தால், பிரிட்டன் சட்டப்படி 220 பவுண்ட், ஒன்றியத்தின் சட்டப்படி 250 யூரோ இழப்பீடு. நீங்கள் 15 பவுண்ட் கொடுத்திருந்தாலும் அதே தொகை. புயல், வான்வழிக் கட்டுப்பாட்டு ஊழியர் வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது. ஆனால் காத்திருக்கும்போது சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் அப்போதும் நிறுவனத்தின் கடமைதான்.

ஞாயிறு இரவு விமானம் ரத்தாகிவிட்டது என்று செய்தி வரும்போது கூடவே 'பணத்தைத் திரும்பப் பெறுக' என்றொரு பொத்தானும் வரும். பதற்றத்தில் அதை அழுத்திவிடாதீர்கள். அழுத்திய நொடியில் உங்களை ஊர் சேர்க்கும் கடமையும் ஹோட்டல் தரும் கடமையும் முடிந்துவிடும். கையில் 15 பவுண்டோடு வெளியூரில் நிற்பீர்கள். மாற்றுப் பயணத்தைக் கேளுங்கள். தங்கள் விமானம் இரண்டு நாள் கழித்துத்தான் என்று சொன்னால், வேறு நிறுவன விமானத்தில் அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். அவர்கள் ஏற்பாடு செய்யவில்லை என்றால் நியாயமான செலவில் நீங்களே ஏற்பாடு செய்துகொண்டு பிறகு அந்தத் தொகையைக் கோரலாம். அறிவிப்புப் பலகையைப் படமெடுங்கள், ஒவ்வொரு ரசீதையும் வையுங்கள். கோரிக்கையை நிறுவனத்தின் தளத்தில் நீங்களே நிரப்புங்கள். வாங்கித் தருகிறோம் என்று வரும் முகவர்கள் அதில் பெரும் பங்கை எடுத்துக்கொள்வார்கள். இங்கிலாந்தில் ஆறு ஆண்டுவரை கோரலாம். ஆகவே பழைய மின்னஞ்சல்களிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.